எந்தக் கருத்தடை முறை? பக்கவிளைவிலிருந்து தொடங்குவோம்

கருத்தடை முறைகளை ஒப்பிடும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகின்றன: நூறு பெண்கள் ஓர் ஆண்டு பயன்படுத்தினால் எத்தனை பேர் கருவுறுவார்கள்? அன்றாட நடைமுறையில் ஆணுறைக்குச் சுமார் 13, மாத்திரைக்கு 7, ஊசிக்கு 4, காப்பர்-டிக்கு ஒன்றுக்கும் குறைவு. தேவையான எண்கள்தான். ஆனால் ஒரு முறையைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால், அது பலிக்கவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. ரத்தம் நிற்கவே இல்லை, தலைவலி தாங்கவில்லை, எடை கூடிக்கொண்டே போனது என்றுதான் சொல்வார்கள். கைவிட்ட முறை எவ்வளவு திறமையானதாக இருந்து என்ன பயன்? அதனால் நான் வேறு இரண்டு கேள்விகளை முன்னால் வைக்கிறேன். எது என்ன தொல்லை தரும்? தாங்க முடியாவிட்டால் எவ்வளவு சீக்கிரம் நிறுத்தலாம்?

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் கலந்த மாத்திரையின் பெரிய வசதி, இன்றே நிறுத்தலாம் என்பது. பெரும்பாலோருக்கு ஓரிரு மாதங்களில் கருமுட்டை வெளிவருவது பழையபடி தொடங்கிவிடும். மாதவிடாய் தேதி தவறாமல் வரும், வலியும் ரத்தப்போக்கும் குறையும். சூலகப் புற்றுநோய், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஆகியவற்றின் அபாயமும் குறைகிறது. மார்பகப் புற்றுநோய் அபாயம் சிறிதளவு கூடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு மாத்திரையும் தவறாவிட்டால் தோல்வி ஆண்டுக்கு 0.3 சதவீதம்தான், அதை 7 ஆக்குவது மறதி. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். இரண்டு அல்லது அதற்கு மேல் தவறினால், தொடர்ந்து ஏழு நாட்கள் மாத்திரை போட்டு முடியும்வரை ஆணுறையும் வேண்டும்.

தொல்லைகள் என்று பார்த்தால் குமட்டல், மார்பில் வலி, தலைவலி, இடையிடையே திட்டுத்திட்டாக ரத்தம் படுதல். இவை பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களோடு அடங்கிவிடும். குமட்டலுக்கு இரவு உணவுக்குப் பின் போட்டுக்கொள்வது உதவும். ரத்தம் படுவது நிற்கவில்லை என்றால், மாத்திரை தவறுகிறதா என்பதை முதலில் பாருங்கள். தவறவில்லை என்றால் வேறு அளவுள்ள மாத்திரைக்கு மாறலாம். 1960-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட முதல் மாத்திரையில் இருந்த ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம்; இன்று வழக்கத்தில் இருப்பவற்றில் 20 முதல் 35 மைக்ரோகிராம். 'மாத்திரை போட்டால் உடம்பு ஊதிவிடும்' என்ற பேச்சு மட்டும் அந்தக் காலத்திலிருந்து குறையவே இல்லை. கலப்பு மாத்திரை எடையைப் பெரிதாகக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

ரத்த உறைவு பற்றிய பயத்துக்கு அடிப்படை உண்டு, அளவுதான் தெரிவதில்லை. மாத்திரை போடாத பத்தாயிரம் பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு உறைவு வரும், போடுபவர்களில் 3 முதல் 9 பேருக்கு, கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேருக்கு. சிலருக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்கள், கண்முன் ஒளிக்கீற்று தெரிந்தபின் ஒற்றைத் தலைவலி வருபவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், முன்பு உறைவு வந்தவர்கள், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாத பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின் போன்ற மருந்துகள் மாத்திரையின் வலுவைக் குறைக்கும். மருந்துச் சீட்டு எழுதும்போது இதைக் கேட்காத மருத்துவரிடம் நாமாகச் சொல்லிவிடுவது நல்லது.

காப்பர்-டியும் மிரெனா போன்ற ஹார்மோன் சாதனமும் ஒரே வடிவில், ஒரே இடத்தில், அதாவது கருப்பைக்குள் இருப்பவை, குணத்தில் நேரெதிர். காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது, சில வகைகள் பத்தாண்டுகள் வரை உழைக்கும். ஆனால் மாதவிடாயின் போக்கையும் வலியையும் கூட்டும், குறிப்பாக முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில். ஹார்மோன் சாதனம் அதே மாதங்களில் கணக்கில்லாமல் திட்டுத்திட்டாக ரத்தம் படவைத்துப் பொறுமையைச் சோதிக்கும். பிறகு போக்கு வெகுவாகக் குறையும். ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாய் நின்றே போகும். 'கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும்' என்று வீட்டில் பெரியவர்கள் பதறுவார்கள். தங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கருப்பையின் உட்படலமே மெலிந்துவிடுவதால் வெளியேற வேண்டியதும் குறைந்துவிடுகிறது.

ஏற்கெனவே போக்கு அதிகம், ரத்தசோகையும் இருக்கிறது என்றால் காப்பர்-டி நல்ல தேர்வல்ல என்பது என் கருத்து. ஹார்மோனே வேண்டாம், மாதவிடாயும் அளவோடுதான் வருகிறது என்பவர்களுக்கு அதைவிடச் சிறந்தது குறைவு. காப்பர்-டியின் வலிக்கும் போக்குக்கும் இபுப்ரோஃபென் அல்லது மெஃபெனாமிக் அமிலத்தை மாதவிடாயின் முதல் சில நாட்களுக்கு உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஆறு மாதமாகியும் குறையாவிட்டால் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு அகற்றச் சொல்லுங்கள். பொருத்தும்போது வலிக்கும் என்றால் வலிநிவாரணமோ மரத்துப்போகும் மருந்தோ கேட்கலாம். கேட்பது அடம் அல்ல. 'பழகிவிடும்' என்று சொல்லி அனுப்புவது மருத்துவமும் அல்ல.

மூன்று மாத ஊசியும் கைத்தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்டும் புரோஜெஸ்டின் மட்டும் கொண்டவை. இரண்டிலும் ரத்தப்போக்கு எப்போது வரும், எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. வேறுபாடு நிறுத்துவதில்தான். இம்ப்ளான்டைச் சிறு கீறலில் எந்த நாளும் எடுத்துவிடலாம். ஊசி மருந்து உள்ளே போனது போனதுதான். எது வந்தாலும் அதன் வேகம் தணியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். கடைசி ஊசிக்குப் பிறகு கருவுறச் சராசரியாகப் பத்து மாதம் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும். எடை கூடுவதும் ஊசியில் நிஜம். முதல் ஆறு மாதங்களில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியவர்களுக்குத் தொடர்ந்தும் கூட வாய்ப்பு அதிகம். எலும்பின் அடர்த்தி குறைவதும் உண்டு, நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். அடுத்த ஆண்டு குழந்தை வேண்டும் என்று நினைப்பவருக்கு ஊசியை நான் பரிந்துரைக்க மாட்டேன். தினமும் நினைவில் வைக்க முடியாது, வீட்டில் யாருக்கும் தெரியவும் கூடாது என்ற நிலையில் இருப்பவருக்கோ அதுதான் கைகொடுக்கும்.

இம்ப்ளான்டில் முதல் மூன்று மாதம் போக்கு சகிக்கும்படி இருந்தால் அப்படியே தொடர வாய்ப்பு அதிகம். மோசமாக இருந்தால் பாதிப் பேருக்குத்தான் பிறகு சரியாகிறது. ஐந்து முதல் ஏழு நாள் இபுப்ரோஃபென், அல்லது ஈஸ்ட்ரோஜன் ஒத்துக்கொள்பவர்களுக்குக் கொஞ்ச காலம் கலப்பு மாத்திரை என்று மருத்துவர் தருவதுண்டு.

ஆணுறைக்குப் பக்கவிளைவு என்று சொல்ல லேடெக்ஸ் ஒவ்வாமைதான்; அதற்குப் பாலியூரித்தேன் வகை உண்டு. பால்வினை நோய்களைத் தடுப்பதும் இந்தப் பட்டியலில் அது மட்டுமே. குழந்தைகள் போதும் என்று முடிவெடுத்த தம்பதியருக்கு ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையான வாசெக்டமி, பெண்களுக்கான அறுவை சிகிச்சையைவிட எளியது, அபாயமும் குறைந்தது. இருந்தும் உலகெங்கும் கத்திக்கு உள்ளாவது பெரும்பாலும் பெண்கள்தான். வாசெக்டமி செய்த உடனே நம்பிவிடக் கூடாது. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உறுதியாகும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும்.

மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள் என்று மேலே சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கெண்டைக்காலில் வீக்கத்தோடு வலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று கடுமையான தலைவலி, பார்வை மங்கல் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருப்பைச் சாதனம் வைத்திருப்பவருக்குக் காய்ச்சலோடு அடிவயிற்று வலி வந்தாலும், கர்ப்பம் உறுதியாகி வலி இருந்தாலும் அப்படியே. மனம் சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் போவதையும் காத்திருந்து பார்க்க வேண்டாம்.

ஒத்துக்கொள்ளாத முறையை விடும்போது பலரும் செய்வது, முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு யோசிப்பது. எதிர்பாராத கர்ப்பங்கள் இந்த இடைவெளியில் நிகழ்கின்றன. புதியதைத் தொடங்கிவிட்டுப் பழையதை நிறுத்துங்கள். மாத்திரையிலிருந்து ஊசிக்கோ இம்ப்ளான்டுக்கோ மாறினால், அதன்பிறகும் ஏழு நாள் மாத்திரையைத் தொடரலாம். காப்பர்-டி வைத்த நாளிலிருந்தே வேலை செய்யும்.