இணையத்தில் பெயர் வாங்கினோம்: ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம்

பேத்திக்குப் பெயர் தேடிக் கொடுத்த இணையச் சேவையின் மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டரை. இரண்டு கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன், அந்த அரை எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

தலைப்பிரசவத்துக்கு மகள் பெங்களூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாள். ஹைகிரவுண்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். சித்திரை நட்சத்திரம். பே, போ, ரா, ரி என்று நாலு எழுத்தை ஜோசியர் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு வீட்டில் எட்டுப் பேர் எட்டு நாள் பேசியும் ஒன்றும் அமையவில்லை. மாப்பிள்ளை போனில் தேடி இந்தச் சேவையைப் பிடித்தார். கட்டணம் 1,500 ரூபாய். அதற்கு 20 நிமிடம் போனில் ஆலோசனை, மூன்று நாளில் 25 பெயர் கொண்ட பட்டியல், ஒவ்வொன்றுக்கும் அர்த்தம், இங்கிலீஷ் எழுத்து, எண் கணிதம். தேர்ந்தெடுத்த பெயரைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கூரியரில் அனுப்புவதும் அதிலேயே சேர்த்தி.

படிவத்தில் 'எந்த வகைப் பெயர்' என்று ஒரு கேள்வி. தெய்வம், இயற்கை, இலக்கியம், இடம் என்று வரிசை. மகள் 'இடம்' என்று தட்டிவிட்டாள். "இப்ப எல்லாரும் ஊர்ப்பேரைத்தான் வைக்காங்கப்பா. பெக்காம் மகன் பேரு ப்ரூக்ளின்" என்றாள். அந்தப் பையன் 1999ல் பிறந்தவன், அவனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. ஆனாலும் 'இப்ப'தான்.

நான் சிரித்தேன். காரணம் இருக்கிறது. என் பெயர் பாபநாசம்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அம்மா ஒரு ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய் ஆற்றில் முங்கி, பாபநாசநாதரிடமும் உலகம்மையிடமும் வேண்டிக்கொண்டு வந்தாள். நான் பிறந்தேன், தங்கினேன், பெயரும் தங்கிவிட்டது. தம்பி சிதம்பரம். அத்தை காசியம்மாள். அத்தை வீட்டில் ஒருவரும் காசியைக் கண்ணால் பார்த்ததில்லை, தென்காசிக்குப் போய் வந்ததையே அந்தக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

இன்னொரு காரணம் என் வேலை. திருநெல்வேலி ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், 36 வருடம் சார்ட்டர். ராத்திரி முழுக்கத் தபாலைப் பிரித்து ஊர் ஊராகப் பெட்டியில் போடுகிற உத்தியோகம். எங்கள் பக்கத்தில் எத்தனை மனிதர்கள் ஊராக நடமாடுகிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். பழனி, திருப்பதி, சிதம்பரம், வைகுண்டம், குற்றாலம் எல்லாம் ஆட்கள். நாங்குநேரிப் பக்கம் வானமாமலை, கோவில்பட்டிப் பக்கம் கழுகாசலம். மேலப்பாளையத்துக்குப் போகும் தபால் கட்டுக்குள் நாகூர் மீரானுக்கு ஒரு கடிதமாவது இருக்கும். பாளையங்கோட்டைப் பெட்டியில் லூர்துசாமியும் வேளாங்கண்ணியும் கட்டாயம். செந்தில் என்று பெயர் வைத்தவர்களில் பாதிப் பேருக்கு அது திருச்செந்தூரின் பழைய பெயர் என்பதே தெரியாது. அந்தப் பெயரைக் கழித்துவிட்டால் எங்கள் ஜில்லாவில் ஒரு வகுப்பறைக்கு மூன்று பெஞ்சு காலியாகிவிடும்.

புதிதாக வந்த பையன் ஒருவன் 'சிதம்பரம், மேலகரம், தென்காசி' என்ற கார்டை முதல் வார்த்தையைப் பார்த்தே வடக்கே போகிற கட்டுக்குள் போட்டுவிட்டான். அது சிதம்பரம் வரை போய், நடராஜரைத் தரிசித்துவிட்டு, தப்பான ஊருக்குப் போனது என்று சொல்லும் 'மிஸ்சென்ட்' முத்திரையோடு திரும்பி வந்தது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15லேயே வந்துவிட்டது. எழுதினால்தானே? 608 என்றால் சிதம்பரம் ஊர், 627 என்றால் சிதம்பரம் ஆள் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பாபநாசமே இரண்டு உண்டு. 614ல் தொடங்கினால் தஞ்சாவூர்ப் பாபநாசம், 627 என்றால் நம்முடையது. அதில் ஒன்றும் சேராத மூன்றாவது பாபநாசம் அந்தத் தபால் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்.

சரி, சேவைக்கு வருகிறேன்.

போனில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். தமிழ் சுத்தம். ஊர்ப்பெயர் வைப்பதற்கு உதாரணமாக நைட்டிங்கேல் அம்மையாரைச் சொன்னாள். 1820ல் இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். உண்மைதான். ஆனால் அவருடைய அக்கா கதையை அவள் சொல்லவில்லை. அக்கா முந்தின வருடம் நேப்பிள்ஸில் பிறந்தவர். அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரை எடுத்து பார்த்தெனோப்பி என்று வைத்துவிட்டார்கள். ஒரே வீடு, ஒரே பழக்கம், ஒருத்திக்கு வாய்த்தது, ஒருத்திக்கு வாய்க்கவில்லை. பிறந்த ஊரைத்தான் வைப்பதென்றால் என் பேத்திக்கு ஹைகிரவுண்டு என்று வைக்க வேண்டும். அதைச் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள் என்று நினைக்கிறேன், டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.

பிறகு நம் பக்கத்து ஊர்ப்பெயர்கள் ஏதாவது பட்டியலில் வருமா என்று கேட்டேன்.

"எந்த மாதிரி சார்?"

"குற்றாலம், பாபநாசம் இப்படி. அப்படியே வேண்டாம்மா, பெண்பிள்ளைக்கு ஏற்ற மாதிரி மாற்றி."

கொஞ்ச நேரம் மௌனம். "சார், குற்றாலத்தில் குற்றம் வருது. பாபநாசத்தில் பாபம், நாசம் ரெண்டுமே நெகட்டிவ். எங்க சிஸ்டமே எடுத்துக்காது."

"பாபம் நாசமானால் நல்லதுதானேம்மா?"

"வார்த்தைக்குத் தனித்தனியாத்தான் சார் மதிப்பு."

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எங்கப்பா பேரே அதுதான், தப்பா எடுத்துக்காதீங்க" என்று அவளிடம் மன்னிப்பு வேறு. யார் யாரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு! தாமிரபரணி மலையை விட்டுத் தரையில் இறங்குகிற இடம் அது. ஆடி அமாவாசைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும், எத்தனை ஆயிரம் பேர் அந்த இரண்டு நெகட்டிவிலும் முங்கி எழுகிறார்கள் என்று.

சொன்னபடி மூன்றாம் நாள் பட்டியல் வந்தது. நேரம் தவறவில்லை, அதற்கு ஒரு நட்சத்திரம். 25 பெயரில் ரியோ, ரிகா, பெர்த், ரவென்னா, போர்டோ எல்லாம் இருந்தன. ரிகா என்பது லாட்வியாவின் தலைநகரம். கேட்க நம்மூர்ப் பெண் பெயர் போல இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். மகளுக்கு ரவென்னா மீது கண். இத்தாலியில் பழைய ஊர், கோயில் சுவரெல்லாம் வண்ணக்கல் பதித்த சித்திரம் என்று படம் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் அதைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? என் மனைவி வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிட்டாள். எதிர்வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "யாரை ராவணாங்கிய?" என்றார். ரவென்னா அத்தோடு போயிற்று.

மாப்பிள்ளை நிதானமானவர். "மாமா, வெளியூர்ப் பேரே தப்புன்னு சொல்லுதியளா?" என்று கேட்டார். தப்பு என்று நான் சொல்லவே இல்லை. ஒட்டப்பிடாரத்தில் 1872ல் பிறந்த பிள்ளைக்கு அத்தனை மைல் தள்ளியிருக்கிற சிதம்பரத்தின் பெயரை வைத்தார்கள். அந்தப் பிள்ளைதான் 1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். மைதிலி என்றால் மிதிலைக்காரி, வைதேகி என்றால் விதேகத்துக்காரி, பாஞ்சாலி, காந்தாரி, கோசலை எல்லாமே ஊரும் நாடும்தான். நம் வீடுகளில் மட்டும் என்ன? கட்டிக்கொண்டு வந்த பெண்ணைக் களக்காட்டுக்காரி, வள்ளியூர்ச் சித்தி, ஆழ்வார்குறிச்சி அத்தை என்றுதானே சொல்கிறோம்? எங்கள் ஆழ்வார்குறிச்சி அத்தையின் சொந்தப் பெயரை அவள் பதினாறு நாள் காரியப் பத்திரிகையில்தான் நான் முதன்முதலில் படித்தேன். தூரம் ஒரு பொருட்டே இல்லை மாப்பிள்ளை, அந்த ஊரோடு வீட்டில் யாருக்காவது ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும். நேர்ந்துகொண்டதோ, பிறந்த மண்ணோ, பிழைத்த இடமோ. ரவென்னாவில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

"சாஃப்ட்வேர் கிளையன்ட் ஒருத்தர் போர்டோல இருக்கார்" என்றார் மாப்பிள்ளை. விளையாட்டாகத்தான்.

இந்த இடத்தில் நான் 'பொ' எழுத்தைப் பிடித்தேன். பொதிகை, பொருநை. மலையும் ஆறும். இடம் என்கிற வகைக்கும் பொருந்தும், நட்சத்திரத்துக்கும் பொருந்தும். பொதிகையை மகள் உடனே தள்ளினாள். "செங்கோட்டை ரயிலாப்பா?" என்றாள். தூர்தர்ஷன் சேனலுக்கும் அந்தப் பெயர்தான் ரொம்ப காலம் இருந்தது, 2024ல்தான் டி.டி. தமிழ் என்று மாற்றினார்கள். ரயிலும் டி.வி.யும் எடுத்துக்கொண்ட பெயர் பிள்ளைக்கு வேண்டாம் என்பது அவள் கட்சி. பொருநைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அந்தப் பெயரைச் சொல்லிக் கருத்துக் கேட்டு சேவைக்கு எழுதினோம். இரண்டாவது ஆலோசனைக்குத் தனியாக 500 ரூபாய் என்றார்கள். இது முதலில் எங்கும் எழுதியிருக்கவில்லை, அதற்கு ஒரு நட்சத்திரத்தைக் கழித்துவிட்டேன். கட்டினோம். புதுப் பட்டியல் வந்தது. அதில் ஒன்பதாவது பெயர் பொருநை! நாங்கள் அனுப்பியதையே எங்களுக்கு விற்றிருந்தார்கள். அர்த்தம் என்ற இடத்தில் 'பொறுமை உள்ளவள்' என்று போட்டிருந்தது. தாமிரபரணிக்குச் சங்கப் பாட்டிலேயே பெயர் பொருநைதான். வெள்ளம் வந்த வருடங்களில் அதன் பொறுமையை நாங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு பார்த்திருக்கிறோம்.

ஆனால் அந்த அரை நட்சத்திரமும் இங்கேதான் வருகிறது. பட்டியலின் அடியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். இங்கிலீஷில் வழக்கமாக எழுதுகிறபடி எழுதினால் கடைசி மூன்று எழுத்தைத் தமிழ் தெரிந்த பையன்கள் 'நாய்' என்று படித்துக் கேலி செய்ய வாய்ப்புண்டு, பெங்களூரில் பள்ளிக்கூடம் என்றால் யோசியுங்கள் என்று. 36 வருடம் விலாசம் படித்த எனக்கு இது தோன்றவில்லை. 'ஐ'க்குக் கடைசியில் இ.ஐ. போட்டு எழுதலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தார்கள். யோக்கியமான யோசனை. மகளுக்குப் பிடித்தது. எனக்கு அது ஏதோ சீனத்துப் பெயர் மாதிரி தெரிகிறது, ஆனாலும் நாயை விடத் தேவலை.

அவர்கள் சொன்ன இன்னொரு விஷயமும் உபயோகமானது. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை அவசரப்பட்டு எழுத வேண்டியதில்லை, ஒரு வருடம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்க இடமுண்டு. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எட்டு நாள் சண்டை மிச்சம்.

பெயர் சூட்டுகிற அன்று மாப்பிள்ளையின் அக்கா, அத்தைமுறைக்கு, பிள்ளையின் காதில் மூன்று தடவை பொருநை என்று சொன்னார். சர்க்கரைத் தண்ணீர் வைத்தோம். கண்ணாடிச் சட்டம் மட்டும் வந்து சேரவில்லை. கூரியர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் 'பாபநாசம் கிளைக்கு வந்துவிட்டது' என்று காட்டியது. நம்மூர்ப் பாபநாசத்துக்கு ஏன் போயிற்று என்று மாப்பிள்ளை கேட்டார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தேன். 614.

படிவத்தில் என் பெயரை ஊர் என்று எடுத்துக்கொண்டு, ஊருக்கு ஏற்ற பின்கோடையும் அவர்கள் சிஸ்டமே நிரப்பியிருக்கிறது. எதிர்மறை என்று பெயராக எடுத்துக்கொள்ளாத அதே சிஸ்டம். நாலு தடவை போன் பண்ணி, தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அதைத் திருப்பி எடுத்து, பதினோரு நாள் கழித்து வீடு வந்தது. கண்ணாடி உடையவில்லை, பொதி நன்றாகக் கட்டியிருந்தார்கள்.

பழைய சிவப்பு மைப் பேனா ஒன்று மேஜை டிராயரில் கிடந்தது. அட்டையின் மேல் என் கையாலேயே 'மிஸ்சென்ட்' என்று எழுதி, தேதி போட்டு, பீரோ மேலே வைத்திருக்கிறேன்.