ஸ்டாக்ஹோமில் டாக்சி ஏறும் முன் பின்கதவுக் கண்ணாடியைப் படியுங்கள்

ஸ்வீடனில் டாக்சிக் கட்டணத்துக்கு அரசு நிர்ணயித்த உச்சவரம்பு எதுவும் கிடையாது. முதல் முறையாக ஸ்டாக்ஹோம் போகிறவர்கள் வேறு எதைத் தெரிந்துகொள்ளாவிட்டாலும் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1990ஆம் ஆண்டு ஜூலையில் அந்த நாட்டில் டாக்சித் தொழிலின் கட்டுப்பாடுகளை நீக்கினார்கள். அன்று முதல் ஒரு டாக்சி நிறுவனம், அது ஒரே ஒரு வண்டி வைத்திருக்கும் தனிநபராக இருந்தாலும், கிலோமீட்டருக்கு என்ன விலை வேண்டுமானாலும் வைக்கலாம். மீட்டர் இருக்கும், ரசீது வரும், ஓட்டுநரின் படத்துடன் உரிம அட்டை முன்னால் மாட்டியிருக்கும், வண்டிக்கு டாக்சிக்குரிய மஞ்சள் எண் பலகை இருக்கும். எல்லாம் முறைப்படி இருக்கும்போதே பத்து நிமிடப் பயணத்துக்குப் பல மடங்குப் பணம் பிடுங்க முடியும். எங்களிடம் அப்படித்தான் பிடுங்கினார்கள்.

யூர்கோர்டன் தீவில் வாசா அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நல்ல மழை. உடன் வந்திருந்த அத்தைக்கு எழுபதைத் தாண்டிய வயது, முழங்கால் வலி வேறு. டிராம் நிறுத்தம் பக்கத்தில்தான் இருந்தது என்றாலும் அந்த ஈரத்தில் அவரை நடத்திக் கூட்டிப்போக மனம் வரவில்லை. வாசலை ஒட்டி ஒரு டாக்சி நின்றது. ஓட்டுநர் தாமாகவே இறங்கிக் குடையுடன் வந்தார். மத்திய ரயில் நிலையத்துக்கு அருகே எங்கள் விடுதி, எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "மீட்டர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். இந்த ஊரில் எல்லா டாக்சியும் மீட்டர்தான்" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் இன்றும் என் வயிற்றெரிச்சல். பின்கதவைத் திறந்து, கண்ணாடியை மறைத்தபடி குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, அத்தையைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று அத்தை என்னிடம் சொன்னார்.

தூரம் நான்கு கிலோமீட்டர்கூட இருக்காது. விடுதி வாசலில் மீட்டர் 1,140 குரோனர் காட்டியது. ஒரு குரோனா ஒன்பது ரூபாய் அளவில் என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரம் ரூபாய். சாதாரண நிறுவன வண்டியில் முந்நூறு குரோனரைத் தாண்டியிருக்காது என்று விடுதியில் சொன்னார்கள். மீட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கேட்டேன். குரலை உயர்த்தாமல் இறங்கி வந்து, பின்கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை விரலால் தொட்டுக் காட்டினார். "விலை எழுதியிருக்கிறது. சட்டப்படி சரி." காவல்துறையைக் கூப்பிடலாமா என்று வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டபோது அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். ஒட்டிய விலைக்குத்தான் மீட்டர் ஓடியிருக்கிறது, காவலர்கள் இதைக் குற்றம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பணம் கொடுக்காமல் போனால் சிக்கல் உங்களுக்குத்தான் என்றார். கொடுத்தோம். அத்தை அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. தன் காலால்தான் இந்தச் செலவு என்று அவர் நினைத்துக்கொண்டதுதான் பணத்தைவிட என்னை அதிகம் சுட்டது.

அந்தத் தாளைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயணிக்கு அங்கே இருக்கும் பாதுகாப்பு ஏறக்குறைய அது ஒன்றுதான். மஞ்சளும் வெள்ளையுமான விலைச்சீட்டு அது. வெளியிலிருந்து படிக்கும்படி பின்பக்கக் கதவின் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். தொடக்கக் கட்டணம், கிலோமீட்டர் விலை, மணிக்கணக்கு விலை எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கும். அவற்றைக் கூட்டிக் கழிக்க மழையில் யாருக்கும் நேரம் இருக்காது. பெரிய எழுத்தில் ஓர் எண் தனியாக இருக்கும், அதை மட்டும் பாருங்கள். அதற்கு ஒப்பீட்டு விலை என்று பெயர். 10 கிலோமீட்டர் தூரத்தை 15 நிமிடத்தில் கடந்தால் அந்த வண்டியில் எவ்வளவு ஆகும் என்பதே அந்த எண். எல்லா வண்டிகளுக்கும் ஒரே கணக்கு என்பதால் இரண்டு வண்டிகளை ஒரே பார்வையில் ஒப்பிடலாம். பெயர்பெற்ற நிறுவனங்களின் வண்டிகளில் அது பெரும்பாலும் 300 முதல் 500 வரைக்குள் இருக்கும். எங்களை ஏற்றிச் சென்ற வண்டியில் நான்கு இலக்கம். நான்கு இலக்கத்தைக் கண்டால் ஓட்டுநர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் ஏறாதீர்கள்.

டாக்சி நிறுத்தத்தில் முதலில் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வரிசையில் முன்னால் நிற்பவர் கையைக் காட்டிக் கூப்பிடுவார், பின்னால் போகக் கூடாது என்றும் சொல்லக்கூடும். கேட்க வேண்டாம். எந்த வண்டியில் ஏறுவது என்பது முழுக்க உங்கள் உரிமை. டாக்சி ஸ்டாக்ஹோம், டாக்சி குரிர், ஸ்வெரியடாக்சி ஆகிய மூன்றும் அந்த ஊர்க்காரர்கள் வழக்கமாக அழைக்கும் பெரிய நிறுவனங்கள். பெயரை முழுதாகப் படியுங்கள். 'டாக்சி' என்ற சொல்லும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதியிருப்பதால் மட்டும் அது பெரிய நிறுவனத்தின் வண்டி ஆகிவிடாது. ஏறும் முன்பே மொத்தத் தொகையாக விலை பேசிக்கொள்ளலாம். பேசிய தொகையை மாற்ற முடியாது. ஊபர், போல்ட் செயலிகளும் அங்கே இயங்குகின்றன, தொகை முன்கூட்டியே திரையில் தெரியும். முதியவர்களோடு போகிறவர்கள் ஊர் போய்ச் சேரும் முன்பே ஒரு செயலியைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. அருங்காட்சியக வாசல், ரயில் நிலையம், பின்லாந்துக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் போல வெளியூர்க்காரர்கள் களைப்போடு வெளியே வரும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

சட்டம் முழுக்க அந்த ஓட்டுநரின் பக்கம்தான் என்று நினைத்துச் சோர்ந்துவிட வேண்டாம். ஒப்பீட்டு விலை ஒரு வரம்புக்கு மேல் போனால், பயணம் தொடங்கும் முன்பே அதிகபட்சம் எவ்வளவு ஆகும் என்று ஓட்டுநர் பயணியிடம் சொல்லியாக வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறார்கள். எங்களிடம் அவர் அப்படி எதையும் சொல்லவில்லை. எவ்வளவு ஆகும் என்று நான் நேராகக் கேட்டும் மழுப்பினார். இதை எழுதி, ரசீதின் படத்தை இணைத்து, வண்டியின் நிறுவனத்துக்கு அனுப்பினேன். வாய்மொழியாகச் சொல்லப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அடுத்த படி, நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் அரசு வாரியம். ஆனால் அதன் முடிவு பரிந்துரைதான், நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தாது. ஆகவே பணம் திரும்பி வரும் என்று யாருக்கும் நான் நம்பிக்கை தர மாட்டேன். இருந்தாலும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. விலைச்சீட்டையும் எண் பலகையையும் ஓட்டுநரின் உரிம அட்டையையும் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். புகார் எழுத உட்காரும்போது கையில் இருக்கும் ஆதாரம் அவ்வளவுதான்.

உண்மையில் அந்த ஊரில் சுற்றிப்பார்க்க டாக்சியே வேண்டியதில்லை. வாசா அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே 7ஆம் எண் டிராம் நிற்கிறது, நேராக மத்திய ரயில் நிலையப் பக்கம் கொண்டுவந்து விடும். தீவிலிருந்து, பழைய நகரத்தை ஒட்டிய ஸ்லுசெனுக்குப் படகு ஓடுகிறது. நகரப் போக்குவரத்தின் ஒரே டிக்கெட் மெட்ரோ, பஸ், டிராம், அந்தப் படகு எல்லாவற்றுக்கும் 75 நிமிடம் செல்லும். வங்கி அட்டையை வாசலில் உள்ள கருவியில் தொட்டாலே போதும், தனி டிக்கெட்கூட வாங்க வேண்டாம். சுற்றுலாப் படகு என்று தனியாகப் பணம் கட்டி ஏறுவதற்கு முன் இந்தச் சாதாரணப் படகில் ஒரு முறை போய்ப் பாருங்கள், பழைய நகரமும் துறைமுகமும் அதிலிருந்தே நன்றாகத் தெரியும். மெட்ரோ நிலையங்களும் பார்க்க வேண்டியவைதான். நூறு நிலையங்களில் பெரும்பாலானவற்றில் ஓவியமோ சிற்பமோ இருக்கிறது. டி-சென்ட்ராலனின் நீலச் செடிகொடி ஓவியத்தையும் குங்ஸ்ட்ரெட்கோர்டனின் பாறைக் குகையையும் அத்தை ரசித்துப் பார்த்தார்.

வாசா கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை. 1628இல் முதல் பயணத்திலேயே, கரையை விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் மூழ்கிய போர்க்கப்பல் அது. 1961இல் மேலே தூக்கினார்கள். அத்தனை பெரிய மரக்கப்பலை முழுசாக, நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை. 18 வயது வரையுள்ளவர்களுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. நோபல் விருந்து நடக்கும் நகர மன்றத்துக்குள் வழிகாட்டியுடன் மட்டுமே போக முடியும், அதற்கு அங்கேயே டிக்கெட் கிடைக்கும். அரண்மனையில் காவலர் மாறும் நிகழ்ச்சியை வெளி முற்றத்தில் நின்று இலவசமாகப் பார்க்கலாம்.

விமான டிக்கெட் எடுக்கும்போதே இன்னொரு பொறி இருக்கிறது. 'ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்தா' என்று விற்கும் விமான நிலையம் ஸ்டாக்ஹோமில் இல்லை. அது நூறு கிலோமீட்டர் தள்ளி நீஷெப்பிங் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'ஸ்டாக்ஹோம் வெஸ்டெரோஸ்' கதையும் அதுவே. மலிவான டிக்கெட்டில் மிச்சமாகும் பணத்தில் பஸ் கட்டணத்தையும் ஒன்றரை மணி நேரத்தையும் கழித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முதன்மை விமான நிலையமான ஆர்லாண்டாவே நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர். விரைவு ரயில் இருபது நிமிடத்தில் கொண்டுவந்துவிடும், விலை அதிகம். நகர்ப்புற ரயிலும் விமான நிலையத்துக்குள்ளேயே வருகிறது, ஆனால் அந்த நிலையத்தைக் கடக்க மட்டும் டிக்கெட்டுக்கு மேல் நூறு குரோனருக்கும் அதிகமான தனிக் கட்டணம். 583ஆம் எண் பஸ்ஸில் மார்ஷ்டா நிலையம் போய் அங்கிருந்து ரயில் ஏறினால் சாதாரண டிக்கெட்டே போதும். பெட்டி படுக்கை குறைவாக இருந்தால் இதுவே என் பரிந்துரை.

ரொக்கத்தை மாற்றிக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலான கடைகளிலும் அருங்காட்சியகங்களிலும் ரொக்கம் வாங்குவதே இல்லை, அட்டைதான். அட்டைக் கருவி ரூபாயில் கட்டலாமா, குரோனரில் கட்டலாமா என்று கேட்டால் குரோனரைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று தொட்டால் மோசமான மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும். முன்பு போய்வந்த உறவினர்கள் யாராவது மிச்சமிருந்த நோட்டுகளைக் கொடுத்தால் அவற்றில் உள்ள முகத்தைப் பாருங்கள். 100 குரோனர் நோட்டில் நடிகை கிரேட்டா கார்போ இருந்தால் செல்லும். தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இருந்தால் அது 2017 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போன பழைய நோட்டு, எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள்.