பின் பிரேக் பேட் மாற்ற மெனுவா, ஸ்கேனரா, பேட்டரி ஒயரா?

பக்கத்துத் தெரு பட்டறையில் பிரேக் பேட் மாற்ற என் காரின் பின் சக்கரத்தைக் கழற்றிய பையன், பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரை இறக்கிவிட்டு நேராக ஜி-கிளாம்ப்பை எடுத்தான். முன் சக்கரத்தில் செய்வதுபோல காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை நெருக்கி உள்ளே தள்ளிவிடலாம் என்று கணக்கு.

"தம்பி, இது எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக். பின்னாடி மோட்டார் இருக்கு பாரு."

திருப்பிப் பார்த்தான். காலிப்பரின் முதுகில் கைக்குள் அடங்கும் அளவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. அதில் இரண்டு ஒயர் போகும் பிளக். "அப்ப கார் கம்ப்யூட்டரோட பேசுற ஸ்கேனர் வேணும்ணே, நம்மகிட்ட இல்ல" என்று கிளாம்ப்பைக் கீழே வைத்துவிட்டான். நெருக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொண்டால்தான் மாற்று வழிகளை ஒப்பிட முடியும்.

அந்த மோட்டார் பல்சக்கரங்கள் வழியாக ஒரு திருகுத் தண்டைச் சுற்றுகிறது. தண்டின் மேல் ஒரு நட்டு முன்னே நகர்ந்து பிஸ்டனைப் பேட் மீது அழுத்துகிறது. சுவிட்சை அமுக்கி பிரேக்கை விடுவித்தாலும் நட்டு முழுக்கப் பின்வாங்காது. கொஞ்சம் விலகி பிஸ்டனுக்குப் பின்னாலேயே நிற்கும். பேட் தேயத் தேய நட்டு நிற்கும் இடமும் முன்னேறிக்கொண்டே வரும். புதுப் பேட் தடிமனானது. அதற்கு இடம் வேண்டுமென்றால் நட்டு முதலில் முழுக்கப் பின்னால் போக வேண்டும். போகாமல் பிஸ்டனை நெருக்கினால் பிஸ்டன் நட்டில் முட்டும், திருகோ பல்சக்கரமோ போய்விடும். பேட் வாங்க வந்தவர் காலிப்பர் வாங்கிக்கொண்டு போவார்.

இந்தத் தொல்லை எல்லா எலெக்ட்ரானிக் பிரேக்குக்கும் கிடையாது. 2001-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்தது கேபிளை மோட்டார் இழுக்கும் வகை. அதில் பார்க்கிங் பிரேக் டிஸ்க்குக்குள் தனி பிரேக் ஷூவாக இருந்தது. 2005-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் பஸாட் போல காலிப்பரிலேயே மோட்டார் உட்கார்ந்திருக்கும் வகைதான் இன்று பரவலாக ஓடுகிறது. கீழே சொல்வதெல்லாம் இதற்குத்தான்.

அன்று ராத்திரி காரின் கையேட்டைப் புரட்டினேன். வாங்கிய நாளிலிருந்து கிளவ் பாக்ஸில் தூங்கிய புத்தகம். தொடுதிரையில் செட்டிங்ஸ், அதற்குள் பிரேக், அதற்குள் சர்வீஸ் மோடு: ஒரு பொத்தான், அவ்வளவுதான். எல்லாக் காருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. சிலவற்றில் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு பார்க்கிங் சுவிட்சைப் பிடித்து, இக்னிஷனை அணைத்துப் போட வேண்டும். அந்த வரிசை காருக்குக் கார் மாறும். வேறு மாடலின் வீடியோவைப் பார்த்து அமுக்கிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. ஆனால் உங்கள் கையேட்டில் இப்படி ஒரு வழி இருந்தால் அதை மிஞ்ச எதுவும் இல்லை. செலவு கிடையாது. நட்டு எவ்வளவு போக வேண்டும் என்று காருக்கே தெரியும், எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரியும்.

இல்லாத காருக்கு ஸ்கேனர். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார் வைத்திருப்பவர்களுக்கு விசிடிஎஸ் என்ற ஸ்கேனர் மென்பொருள் பழக்கம். காரில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் அதில் ஒரு முகவரி எண் உண்டு. பஸாட்டின் அந்தத் தலைமுறையில் 53-ஆம் முகவரியில் பார்க்கிங் பிரேக் இருக்கும். அங்கே அடிப்படை அமைப்பு (Basic Settings) மெனுவில் 7-ஆம் குரூப் திறக்கும், 6 மூடும், 10 சோதித்துப் பார்க்கும். பின்னால் எம்கியூபி என்ற பொது அடித்தளத்தில் வந்த கார்களில் இந்த வேலை 03-க்கு, அதாவது பிரேக் கணினிக்கே போய்விட்டது. மெனுவை விட ஸ்கேனரில் ஒரு லாபம் உண்டு: மூடும்போது ஏதாவது தடுமாறினால் என்ன கோளாறு என்று படித்துச் சொல்லும். ஒரு எச்சரிக்கை. சல்லிசாகக் கிடைக்கும் புளூடூத் டாங்கிளில் பொதுவான ஆப்பைப் போட்டால் இன்ஜின் கோளாறு எண்தான் வரும், பார்க்கிங் பிரேக் பக்கமே போகாது. உங்கள் காருக்கு இந்த வேலை வருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, மோட்டாரின் இரண்டு திருகைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றிப் பின்வாங்க வைப்பது. மெதுவான வேலை, ஆனால் முட்டும் இடம் கையில் தெரியும். அவசரத்துக்குப் பரவாயில்லை. மோட்டாருக்கும் காலிப்பருக்கும் நடுவில் உள்ள ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே போகும். அடுத்த வருடம் அந்தச் செலவு வரும். நட்டு எங்கே நிற்கிறது என்று கணினிக்குத் தெரியாததால் எச்சரிக்கை விளக்கு எரியவும் வாய்ப்புண்டு.

நான்காவது, பிளக்கை உருவிவிட்டு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுப்பது. வேண்டவே வேண்டாம். சாதாரணமாக மோட்டார் இழுக்கும் கரண்ட் எகிறுவதைப் பார்த்துத்தான் கணினி அதை நிறுத்துகிறது. ஒயரை நீங்கள் பிடித்திருக்கும்போது நிறுத்த ஆளில்லை. கடைசி வரை போய் முட்டிய பிறகும் மோட்டார் முறுக்கிக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பதோ பிளாஸ்டிக் பல். பிளஸ், மைனஸை மாற்றிப் பிடித்தால் நட்டு எதிர்ப்பக்கம் போகும். "எத்தனையோ வண்டிக்கு இப்படிச் செஞ்சிருக்கேன்" என்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

கம்பெனி சர்வீஸுக்கே விடலாமே என்றால், விடலாம், ஸ்கேனர் கவலை இல்லை. நான் முதலில் விசாரித்த ஒரு சர்வீஸ் சென்டரில் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றச் சொன்னார்கள். டிஸ்க்கின் ஓரத்திலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். வெர்னியரை வைத்தேன், இன்னும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டினால் நம்பி விடுங்கள். வெளிப் பட்டறை என்றால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஸ்கேனர் இருக்கா, அதுல பின் பிரேக் ரிலீஸ் வருமா?"

நான் வீட்டிலேயே செய்தேன். சர்வீஸ் மோடில் காருக்கு ஹேண்ட் பிரேக்கே கிடையாது என்பதை மறக்கக் கூடாது. என்னுடையது முன் சக்கர இழுவை, கியர் பி-யில் இருந்தால் தரையில் நிற்கும் முன் சக்கரம் பிடித்துக்கொள்ளும். பின் சக்கர இழுவைக் காரில் தூக்கி நிறுத்தியதே பி பிடிக்கும் சக்கரம்தான். எதுவாக இருந்தாலும் முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிடுவது நல்லது. பார்க்கிங் சுவிட்ச் மேல் டேப் ஒட்டினேன். வீட்டில் ஆறு வயதுக்காரன் ஒருத்தன் இருக்கிறான், அந்தச் சுவிட்ச் என்றால் அவனுக்கு உயிர், என் விரலோ காலிப்பருக்குள்.

நட்டு பின்வாங்கிய பிறகு பிஸ்டனைச் சுற்ற வேண்டியதில்லை, பையன் எடுத்த அதே கிளாம்ப்பால் மெல்ல நெருக்கினால் போதும். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போய்விடும், துணி சுற்றி வையுங்கள். பேட்டைப் போட்டு முடித்ததும் மோடை மூடத்தான் கை பரபரக்கும். அதற்கு முன்னால் பெடலைப் பத்துப் பதினைந்து தடவை மிதித்து பிஸ்டனைப் பேட் வரை கொண்டுவந்துவிட வேண்டும். முதல் நான்கு மிதியும் தரை வரை போனது, அப்புறம் கெட்டியானது.

மோடை மூடினேன். பின்னால் இரண்டு பக்கமும் "க்ர்ர்" என்று ஒரு சுற்று, நின்று, இன்னொரு சுற்று. டேப்பை உரித்துவிட்டு, சுவிட்சை இழுக்கும் வேலையை ஆறு வயதுக்காரனிடமே விட்டேன்.