எல்லாரும் படிக்க வேண்டிய பாடம் எது? நான்கு பல்கலைக்கழகங்கள், நான்கு பதில்கள்

கணினி அறிவியல் படிக்க வந்த பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து பிளேட்டோ படி என்று சொல்லலாமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நூறு வருடமாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. எந்தத் துறையில் சேர்ந்தாலும் எல்லாரும் படித்தாக வேண்டிய பகுதிக்கு அங்கே பொதுக் கல்வி என்று பெயர். அதில் கணக்கு, அறிவியல் பக்கம் பெரிய தகராறு வருவதில்லை. பண்பாடும் சிந்தனையும் என்று ஆரம்பித்தால்தான் வம்பு. யாருடைய பண்பாடு, எவருடைய சிந்தனை?

நியூயார்க்கில் இருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பதில் மிக எளிது: எல்லாருக்கும் ஒரே புத்தகம். முதல் உலகப் போர் காலத்தில் போரின் காரணங்களை விளக்க நடத்திய வகுப்பு ஒன்று இருந்தது. அதிலிருந்துதான் 1919-ல் 'சமகால நாகரிகம்' என்ற கட்டாயப் பாடம் பிறந்தது. 1937-ல் இலக்கியத்துக்கும் இதே மாதிரி ஒன்று வந்தது. இன்றைக்கும் கொலம்பியா கல்லூரியில் சேர்கிறவர், மேஜர் (முதன்மைப் பாடம்) எதுவானாலும், முதல் வருடம் ஹோமரையும் அடுத்த வருடம் பிளேட்டோவையும் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு குழுவுக்குச் சுமார் 22 பேர். மேடை விரிவுரை கிடையாது, படித்துவிட்டு வந்து பேச வேண்டும். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் ஒரே நூலோடு மாரடிப்பதால், விடுதியில் முன்பின் தெரியாதவரிடம்கூடப் பேச ஒரு விஷயம் இருக்கும். இதை நான் சின்ன லாபமாக நினைக்கவில்லை.

குறை, எந்த நூல்கள் என்ற பட்டியலில்தான். அங்குள்ள பட்லர் நூலகத்தின் முகப்பில் ஹோமர், ஹெரோடோட்டஸ் என்று தொடங்கி எட்டுப் பேரின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். எட்டும் ஆண்கள். 1989-ல் அதற்கு மேலே சாப்போ, வர்ஜீனியா வுல்ஃப் போன்ற பெண் எழுத்தாளர்களின் பெயர்கள் கொண்ட பெரிய பதாகை தொங்கியது. இலக்கியப் பாடத்துக்குள் ஜேன் ஆஸ்டின் நுழைந்ததே 1985-ல்தான். கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் வர 2015 ஆகிவிட்டது. ஒரே பட்டியல் என்றால் இப்படித்தான். ஒருவரை உள்ளே விட இன்னொருவரை வெளியே அனுப்ப வேண்டும், அதற்கு யாரும் சுலபத்தில் சம்மதிக்க மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிர்முனையில் பிரவுன் இருக்கிறது. 1960-களின் கடைசியில் அங்கே மாணவர்களே பாடத்திட்டத்தை ஆராய்ந்து ஒரு தடித்த அறிக்கை எழுதினார்கள். நிர்வாகமும் ஆசிரியர்களும் அதைத் தூக்கி மூலையில் போடாமல் 1969-ல் ஏற்றுக்கொண்டது ஆச்சரியம்தான். எழுத்துப் பயிற்சியும் சொந்த மேஜரும் கட்டாயம். மற்றபடி பொதுக் கல்விக் கட்டாயம் என்று எதுவும் இல்லை. இதன் நன்மை வகுப்பறைக்குள் போனால் தெரியும்: தத்துவ வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் விரும்பி வந்தவர்கள், யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் எதை விரும்ப வேண்டும் என்று தெரிய அதைக் கொஞ்சமாவது முன்பே ருசித்திருக்க வேண்டுமே. நல்ல பள்ளியில் படித்த, வீட்டில் புத்தக அலமாரி இருந்த பிள்ளைக்கு இந்தச் சுதந்திரம் வரம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளை வேலைக்கு உதவும் பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட வாய்ப்பு அதிகம்.

ஹார்வர்ட் நடுவழி. சில பிரிவுகளை வகுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் எடு என்று சொல்லும். 2007-ல் 'பண்பாடும் நம்பிக்கையும்' உட்பட எட்டுப் பிரிவுகள் வகுத்தார்கள். 2015-ல் அவர்களே திரும்பிப் பார்த்து, இது வேலைக்கு ஆகவில்லை என்று எழுதினார்கள். 2019 முதல் நான்கு பிரிவுகள், கூடவே மூன்று துறைப்புலங்களிலிருந்து ஒவ்வொரு பாடம். யாருக்கும் பெரிய மனவருத்தம் இல்லாத ஏற்பாடு. நம் ஊர்க் கல்யாணப் பந்தி மாதிரி, இலையில் எல்லாமே ஒரு கரண்டி இருக்கும். எனக்கு இதில் பிடிக்காதது, எது சுலபமாக மதிப்பெண் தரும் என்று தேடுகிற பழக்கத்தை இந்த முறையே கற்றுக்கொடுத்துவிடும் என்பதுதான்.

ஸ்டான்ஃபோர்டு கதைதான் சுவாரசியம். மற்ற மூவரும் தங்கள் வழியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவர்கள் எல்லா வழிகளையும் தங்கள் மேலேயே சோதித்துப் பார்த்தார்கள். 1935-ல் மேற்கத்திய நாகரிகம் கட்டாயமானது, 1969-ல் போனது. 1980-ல் 'மேற்கத்தியப் பண்பாடு' என்ற பெயரில் 15 நூல்கள் கொண்ட பட்டியலோடு திரும்பி வந்தது. 1987 ஜனவரியில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் கலந்துகொண்ட ஊர்வலத்தில் மாணவர்கள் அதற்கு எதிராகக் கோஷம் போட்டார்கள். 1988 மார்ச்சில் ஆசிரியர் செனட் (ஆசிரியர் பிரதிநிதிகளின் அவை) 39-க்கு 4 என்ற கணக்கில் அதை மாற்ற வாக்களித்தது. அடுத்து வந்த பாடத்துக்குப் 'பண்பாடுகள், கருத்துகள், விழுமியங்கள்' என்று பெயர். பண்பாடு பன்மையானதுதான் மொத்தச் சண்டையின் சாரம். நாட்டின் கல்வித் துறைச் செயலர் வில்லியம் பென்னட்டே நேரில் வந்து கண்டித்துப் பேசினார். பிளேட்டோவை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் ஒரே ஒப்பாரி. உண்மையில் எட்டு வகுப்புப் பிரிவுகளில் ஒன்றுதான் ஆளே மாறியது. மற்றவற்றில் பழைய நூல்களோடு சில புது நூல்கள் சேர்ந்தன, அவ்வளவே.

சரி, அதோடு முடிந்ததா? 1997-ல் அதையும் எடுத்துவிட்டு இலக்கியம், தத்துவம், வரலாறு போன்ற மானுடப் புலத் துறைகளுக்கான அறிமுகம் என்று ஒரு வருடப் பாடம் வைத்தார்கள். பேராசிரியர்கள் பெரிய கூடத்தில் விரிவுரை நடத்த, முனைவர் பட்டம் முடித்த இளைஞர்கள் சிறு குழுக்களில் விவாதம் நடத்தினார்கள். 2012-ல் அதுவும் போய், ஒரே ஒரு காலாண்டுக் கட்டாயமாகச் சுருங்கியது. 2021-ல் மறுபடி விரிந்தது: 'கல்லூரி எதற்கு?' என்ற கேள்வியில் தொடங்கும் பொதுப் பாடம், சிறு குழு, எல்லாருக்கும் ஒரே வாசிப்பு. சுற்றிச் சுற்றிக் கொலம்பியாவின் மேஜைக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள், வேறு புத்தகங்களோடு.

ஆகவே எனக்குப் பட்டியல் சண்டை பாதி வீண் என்றே தோன்றுகிறது. நூலை மாற்றினால் வகுப்பு மாறிவிடும் என்று இரண்டு தரப்பும் நம்பின. மாணவருக்கு வித்தியாசம் தெரிவது, அறையில் எத்தனை பேர், தன்னைப் பேசவிடுகிறார்களா என்பதில்தான்.

நம் ஊரிலும் இதற்கு உதாரணம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2022-ல் பொறியியல் மாணவர்களுக்கு 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு கட்டாயப் பாடங்களைக் கொண்டுவந்தது. நல்ல எண்ணம், எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட், 15 மணி நேரம், ஐந்து அலகு. கணக்குப் போட்டால் திணைக் கோட்பாட்டுக்கு மூன்று மணி நேரம். குறிஞ்சியில் ஏறி முல்லையில் இறங்குவதற்குள் மணி அடித்துவிடும். அப்புறம் மனப்பாடம், தேர்வு, மறதி.

என்னைக் கேட்டால், அதே 15 மணி நேரத்தில் ஐந்து அலகுக்குப் பதிலாகப் பத்துச் சங்கப் பாட்டு போதும். 60 பேர் வகுப்பை மூன்றாகப் பிரித்து, பாட்டைக் கையில் கொடுத்துப் பேசவிடலாம். ஆசிரியர் நேரம் மூன்று மடங்கு ஆகும், சம்பளத்துக்கு எங்கே போவது என்று முதல் கேள்வி வரும். கொலம்பியாவுக்கும் அதே நெருக்கடி உண்டு. அத்தனை குழுக்களுக்கும் பேராசிரியர்கள் போதாமல், பாதி வழியில் ஆய்வேட்டோடு இருக்கும் முனைவர் பட்ட மாணவர்களும் அங்கே ஹோமர் நடத்துகிறார்கள்.