பகைக் காதலா, நட்புக் காதலா?

செப்டெம்பரில் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் போய், இளையோர் மாயப்புனைவு அடுக்கின் முன் நின்று, எந்த வகைக் காதல் கதையை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு இது.

பகையில் முளைக்கும் காதலுக்குப் பக்கங்கள் நிறைய வேண்டும். வெறுப்புக்கு உண்மையான காரணம், இருவரையும் ஒரே அணிக்குத் தள்ளும் தேவை, பிறகு ஒருவர் தன் நலனை விட்டுக்கொடுக்கும் செயல். நடுவிலுள்ளதைத் தாண்டிப் பாய்ந்தால் முத்தம் ஒட்டாது. அதிகாரச் சமநிலை இன்னொரு சிக்கல். ஹோலி பிளாக்கின் ‘தி குரூவல் பிரின்ஸ்’ (2018) இதை நன்றாகக் கையாள்கிறது. (முடிவு தெரிய வேண்டாதவர்கள் அடுத்த வரியைத் தாண்டுங்கள்.) தன்னை இழிவுபடுத்திய இளவரசன் கார்டனை, ஓராண்டும் ஒரு நாளும் தன் சொற்படி நடக்குமாறு கதாநாயகி ஜூட் சத்தியத்தால் கட்டிவிடுகிறாள். தராசு புரண்டபின் வரும் காதலை நம்ப முடிகிறது. கொடுமைக்காரனை அழகுக்காக மட்டும் மன்னிக்கும் நாவல்களைத் தயங்காமல் மூடி வைக்கலாம்.

நட்பில் கனியும் காதலில் நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது, குறைவது இழுபறிதான். “சொன்னால் நட்புப் போய்விடும்” என்ற ஒரே பயத்தில் 400 பக்கம் ஓட்டினால் கொட்டாவி வரும். வெளியிலிருந்து ஏதாவது உலுக்க வேண்டும்: அரச குடும்பத்துக் கல்யாணப் பேச்சு, அல்லது ஒருவருக்கு மட்டும் விழிக்கும் மந்திர ஆற்றல்.

பகைக் காதல் பெரும்பாலும் தொடராகவே வரும். மருதானைப் பழைய புத்தகக் கடையில் இரண்டாம் பாகம் மட்டும் கிடைத்தால் எடுக்காதீர்கள். வெறுப்பின் வேர் முதல் பாகத்தில் இருக்கும். ஒரு வார இறுதிக்கு ஒற்றை நாவல் போதுமென்றால் நட்புக் காதலே வசதி.