செங்கோட்டையில் ரேம் பார்க்கத் தெரிந்த கடை

வீடியோ எடிட் பண்ணும்போதெல்லாம் கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி நின்றது, வேறொரு இடத்தில் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். புனலூர் ரோட்டில் இருக்கிற இந்தக் கடை அண்ணாச்சி ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்கிற, ரேமை (கம்ப்யூட்டரின் தற்காலிக மெமரியை) சோதிக்கிற புரோகிராமை ஓடவிட்டு, ரேம் 3200 வேகத்தில் ஓடும்போது மட்டும்தான் பிழை வருகிறது என்று காட்டினார். கிளாக்கின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை டேட்டா போகும், அதனால் அந்த வேகத்தில் கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 0.625 நானோசெகண்டுதான், சூட்டிலும் மின்னழுத்த மாற்றத்திலும் சிப்புக்குள் தாமதம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதை டிஎல்எல் என்கிற சர்க்யூட் கிளாக்கோடு திரும்பத் திரும்பச் சேர்த்துப் பிடிக்கும், ஆனால் ஜோடி சேராத இரண்டு ரேம் போட்டால் நேரத்தில் மிச்சம் இல்லாமல் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். சரி என்று 2666-க்கு இறக்கினோம். அப்புறம் ஒரு பிழைகூட இல்லை, எனக்கு ரொம்ப நிம்மதி! ஞாயிறு கடை கிடையாது, ஆரியங்காவு பக்கமிருந்து வருகிறவர்கள் போன் பண்ணிவிட்டு வாங்க.