எண்ணைத் தடுப்பதா, அறியாத அழைப்புகளை ஒலியடக்குவதா?

விற்பனை அழைப்பு வந்ததும் அந்த எண்ணைத் தடுத்துவிடுவது பெரும்பாலோர் செய்வது. தொடர்புப் பட்டியலில் இல்லாத எண் எதுவாயினும் மணி ஒலிக்காமல் செய்துவிடுவது மற்றொரு வழி.

முதல் வழியின் பலவீனம் அழைப்பவர்களின் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. இணையவழிக் குரல் இணைப்பில் தமது எண்ணாக வேறொன்றைக் காட்டிக்கொள்ள முடியும் என்பதால், கடைசி ஓரிரு இலக்கங்கள் மட்டும் மாறிய புதிய எண்ணிலிருந்து அதே குரல் அதே கடன் திட்டத்தைப் பற்றி மறுநாளும் பேசும். போதாக்குறைக்கு, அப்படிக் காட்டப்பட்ட எண் ஒன்றுமறியாத வேறொருவருடையதாக இருந்துவிட்டால், தடுக்கப்படுவது அவர்தான். ஒரே எண்ணிலிருந்து நாள்தோறும் வரும் தொல்லைக்கு மட்டும் இது போதும்.

இரண்டாவது வசதி ஐஃபோனில், 2019இல் வெளியான ஐஓஎஸ் 13 இயங்குதளம் முதல் உண்டு. அறியாத எண்ணின் அழைப்பு ஓசையின்றி, அழைப்பவர் பேசிப் பதிந்து வைக்கும் குரலஞ்சலுக்குச் சென்று, அண்மை அழைப்புகளின் பட்டியலில் பதிவாகும். நாம் முன்பு அழைத்துப் பேசிய எண்கள் வழக்கம்போல் ஒலிக்கும். அமைதி உண்மையிலேயே கிடைக்கிறது. ஆனால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆசிரியர் தமது சொந்தக் கைபேசியிலிருந்து அழைத்தாலும் அதே அமைதிதான் என்பது எனக்குப் பெருங்கவலை தருகிறது. வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவருக்கும், வயதான பெற்றோரைத் தொலைவில் விட்டிருப்பவருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்கள் பள்ளி, மருத்துவமனை எண்களை முன்கூட்டியே சேமித்துக்கொண்டு, நாளுக்கு இருமுறை அண்மை அழைப்புகளின் பட்டியலைப் பார்ப்பதாக இருந்தால், இரண்டாவது வழியையே தேர்ந்தெடுக்கலாம்.